வண்டிக்குக் கட்டிய வாழைக்கன்று

எங்கள் தெருவில் பாம்புக்குப் பயப்படாத பொம்பளை என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எனக்குக் கொடுத்தது நான்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் வேலை, மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கிற குரல், யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொள்கிற வாய், இவ்வளவும் இருந்தால் ஒரு மனுஷி தனக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். உண்மையில் எனக்குப் பல்லியைப் பார்த்தாலே உடம்பு கூசும். இது என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் வெளியில் சொன்னதில்லை. மனுஷனுக்கு வேளாவேளைக்குச் சோறு வேண்டும் அல்லவா.

வீடு, திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், ஏரிக்கரை ஓரமாக உள்ளே திரும்பினால் வருகிற நகரில் இருக்கிறது. நகர் என்பதெல்லாம் போர்டில்தான். முன்பு அது நெல் வயல். என் அம்மா கூலிக்கு இறங்கி நாற்று நட்ட வயல். அதை மனை போட்டு விற்கிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றவள் நான். வீட்டுக்காரர் அணுபுரம் குவார்ட்டர்ஸில் ஒப்பந்த எலக்ட்ரீசியன். தண்ணீர் நிற்கிற இடம், பூச்சிபொட்டு வரும், வேறு இடம் பார்க்கலாமே என்று ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார். அம்மாவை வரப்பில் நிற்கவைத்துக் கூலி கொடுத்த இடத்தில் நான் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அதனால் இந்த இடத்தைப் பற்றி யார் ஒரு குறை சொன்னாலும் பொறுக்காது. கிரகப்பிரவேச விருந்தில் கொசு கடிக்கிறது என்று சொன்ன நாத்தனாரிடம் வெகுநாள் பேசாமல் இருந்தேன்.

மனை விற்றுப்போன சங்கதியை, அங்கே ஏற்கெனவே குடியிருந்த ஜீவன்களுக்கு யாரும் சொல்லவில்லை. குளியலறை ஜன்னலில் ஓர் உடும்பு வந்து வெயில் காயும். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் ஒரு சாரை. மாடியில் வடகம் காயவைத்தால் மயில்கள் குடும்பத்தோடு வரும். வண்டி நிறுத்துகிற ஷெட்டின் கூரைக்கு மேல் மரநாய் ஒன்று நடமாடும், அதன் சத்தம் யாரோ சாக்குமூட்டையை இழுப்பது மாதிரி இருக்கும். மலைப்பக்கத்துக் குரங்குகள் எப்போதாவது வந்து கொய்யா மரத்தைச் சூறையாடிவிட்டுப் போகும்.

இதெல்லாம் ஒருவிதமாகப் போய்க்கொண்டிருந்தது. பிரச்சினை என் மகளால் வந்தது. எங்களுக்கு ஒரே பெண். படித்து முடித்துச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பூஞ்சேரி கூட்டு ரோடு போவாள், அங்கே ஒரு கடையோரம் வண்டியை விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறுவாள். திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிடும். சில மாதம் இப்படிப் போய்வந்தவள் ஒருநாள் சாப்பிடும்போது, நாவலூரில் ஒரு ஹாஸ்டல் பார்த்திருக்கிறேன், அங்கே போய்த் தங்கட்டுமா என்று கேட்டாள். என் கையிலிருந்த கரண்டி குழம்பில் விழுந்துவிட்டது.

"இங்க இன்னாடி கொறச்சல்?" என்றேன்.

ஒன்றும் குறைச்சல் இல்லை என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அப்பாவைக் கொண்டு பிறந்தவள், விளக்கமெல்லாம் சொல்ல மாட்டாள். ஆனால் எனக்கா விளங்காது? முந்தின நாள்தான் ஒரு குரங்கு அவளுடைய டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. பயந்துவிட்டது பிள்ளை. இந்த ஜந்துக்களுக்கு நடுவில் இருக்கப் பிடிக்காமல்தான் ஓடப் பார்க்கிறது. நான் அடம்பிடித்து வாங்கிய மனை, என் பெண்ணை என்னிடமிருந்து துரத்துகிறது. அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் இந்த வீட்டில் வருகிற எந்த ஜீவராசியும் அவள் கண்ணில் படக் கூடாது. பட்டால் அவள் போய்விடுவாள், அவள் போய்விட்டால் இந்த வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து நான் என்ன செய்வது?

பல்லிக்குப் பயப்படுகிற ஒருத்தி வனத்துறை வேலை பார்க்கத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உடும்பு வந்த அன்று, குழாய் ரிப்பேர் என்று சொல்லி மகளைப் பின்பக்கம் குளிக்க அனுப்பிவிட்டு, நான் குளியலறைக் கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருக்கிற உடும்பு கதவைத் திறந்துகொண்டு வரும் என்று எனக்கு யார் சொன்னது? ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். மரநாய் கூரையில் உருட்டியபோது, எதிர்வீட்டுப் பூனை என்றேன். எதிர்வீட்டில் பூனையே கிடையாது. அதனால் மறுநாள் அந்த வீட்டு அக்காவிடம் போய், என் மகள் கேட்டால் பூனை வளர்ப்பதாகச் சொல்லச் சொன்னேன். அவர்கள் பக்கத்துக் கிராமத்தில் நிலபுலன் உள்ள குடும்பம், அக்காவின் பிறந்த வீடு படாளம். மாடு, ஆடு, வயல் எல்லாம் பார்த்த பெண்மணி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கலரு இன்னான்னு சொல்லிடு டீச்சர்," என்றார். "அப்பறம் நான் வெள்ளைன்னு சொல்ல, நீ கறுப்புன்னு சொல்லுவ."

இதற்கிடையில் எனக்குச் சர்க்கரை கூடிப்போய், சாயங்காலம் கட்டாயம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நடந்தேன். வீட்டிலிருந்து ஏரிக்கரை ரோடு முடிகிற திருப்பம்வரை போவேன், அங்கே ஒரு புங்கமரம் இருக்கிறது, அதன் அடியில் கையில் டார்ச்சோடு நின்றுவிடுவேன். அந்த ரோட்டில் விளக்கு கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து மகளின் வண்டி திரும்புகிறவரை நிற்பேன். அவள் வந்ததும் பின்னால் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். இதற்கு நான் வைத்த பெயர் வாக்கிங். சர்க்கரை ஏன் குறையவில்லை என்று டாக்டர் கேட்டபோது எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அப்படி நிற்கும்போது மகளின் வண்டி திருப்பத்தில் வந்து, வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வராமல், கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. லைட் என் மேல் அடிக்கிறது, கண் கூசுகிறது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். அம்மா, அப்படியே நேராக முன்னால் நடந்து வா, கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது, வந்து ஊது என்று கத்தினாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சம்பாதிக்கிற திமிர், பெற்றவளை நடந்து வரச்சொல்லி ஹாரன் அடிக்கிறாள், இவள் என்ன மகாராணியா என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே போனேன். கண்ணைத் திறந்து காட்டினாள். பூச்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊதிவிட்டேன். என் கையைப் பிடித்தவள் வண்டியில் ஏறும்வரை விடவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகும் மரியாதை என்றால் என்ன என்று ஒரு பாடம் நடத்தித்தான் ஓய்ந்தேன். ஹாஸ்டல் பேச்சை அதற்கடுத்த வாரம் மறுபடி எடுத்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனால் அன்றைக்குத் தெருவில் டிராக்டர், லோடு ஆட்டோ, பைக், குழந்தைகளின் சைக்கிள்வரை கழுவித் துடைத்து மாலை போட்டு நிற்கும்போது எங்கள் ஸ்கூட்டர் மட்டும் மொட்டையாக நின்றால் எனக்குப் பார்க்கச் சகிக்காது. பொட்டு வைக்க மாட்டேன், எலுமிச்சம்பழம் நசுக்க மாட்டேன், பூசணிக்காய் சுற்ற மாட்டேன். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று மட்டும் கட்டுவேன். வாழை ஒரு செடி, வேதத்தில் செடிக்குத் தடை கிடையாது என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். தீர்ப்பு எழுதிய நீதிபதிக்கு ஒரே ஒரு கவலைதான், எங்கள் போதகர் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது.

மற்ற வருஷங்களில் வீட்டுக்காரர் கடைத்தெருவிலிருந்து கன்று வாங்கிவருவார். இந்த வருஷம், கொல்லையில் துவைக்கிற தண்ணீர் பாய்கிற இடத்தில் அத்தனை வாழை இருக்கும்போது காசு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. எப்போது எனக்குச் சிக்கனம் வருகிறதோ அப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு கேடு வரும். சருகு தொங்கிக்கொண்டிருந்த புதரில் கையை விட்டு, இரண்டு கன்றை அரிவாளால் வெட்டி இழுத்துவந்து, நானே கயிறு போட்டுக் கட்டினேன். கட்டிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஒரு தட்டில் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு வந்தவர், கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"டீச்சர், ஆடாம அசையாம நில்லு," என்றார்.

கன்றின் சருகுக்குள்ளிருந்து ஒரு பாம்பு வந்துகொண்டிருந்தது. விரல் தடிமன்தான், ஆனால் வந்துகொண்டே இருந்தது, முடிகிற வழியாக இல்லை. முதுகு பழுப்பு நிறம். ஹேண்டில்பாரில் ஏறி, ஒருதரம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் இருந்த இடுக்கு வழியாக வண்டிக்குள் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது வால் மட்டும்தான் பாக்கி. சத்தம் என்று நான் சொல்வது என்னுடையதுதான். பாம்புக்குப் பயப்படாத பொம்பளை அதற்குள் வீட்டுப் படியில் ஏறி, அங்கே கிடந்த பிளாஸ்டிக் சேரின் மேலும் ஏறி நின்றிருந்தாள்.

அது கொம்பேறிமூக்கன் என்றார் அக்கா. அதைப் பற்றி ஊரில் சொல்வதையும் அங்கேயே நின்று சொன்னார். அது ஒருவரைக் கடித்தால் அதோடு விடாது, சுடுகாட்டுப் பக்கம் இருக்கிற மரத்தில் ஏறி உட்கார்ந்து, கடிபட்டவரை எரிக்கிற புகை வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கும். என் வீட்டுக்காரர் இதை மிகுந்த கவனத்தோடு கேட்டார்.

"எங்களப் பொதைக்கத்தான செய்வாங்க," என்றார். "பாவம், அது எத்தன நாளு மரத்துமேலயே உக்காந்துகினு கீறது?"

நான் முறைத்த முறைப்பில் அவர் தலையைக் குனிந்து சுண்டல் சாப்பிடப் போய்விட்டார். மகள் மாடியில் தலைக்குக் குளித்துவிட்டு ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்டிருக்காது. இது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள். உடும்பு, பூனை எல்லாம் ஒரு கணக்கு. அவள் தினமும் உட்கார்ந்து ஓட்டுகிற வண்டிக்குள்ளேயே பாம்பு என்றால் எந்தப் பெண் இருப்பாள்? யாரும் மூச்சு விடக் கூடாது என்று எல்லோரிடமும் உத்தரவாதம் வாங்கினேன். விடிவதற்குள் பாம்பு தானாகப் போய்விடும் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். போய்விட்டதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் எனக்குப் பள்ளி விடுமுறை. மகளின் கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரன் வேலை கொடுக்கிறான், அவனுக்கு விஜயதசமி தெரியாது. காலையில் ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள். வண்டி பஞ்சர் என்றேன். முன் டயரா பின் டயரா என்று கேட்டாள். நான் பின்னால் என்றேன், அதே நேரம் வீட்டுக்காரர் முன்னால் என்றார். இரண்டும்தான் என்று நானே சமாளித்தேன். அவள் எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அப்பா எதிர்வீட்டு பைக்கை வாங்கிக்கொண்டு அவளைப் பூஞ்சேரியில் விடப் போனார்.

அவர்கள் அந்தப் பக்கம் போனதும் நானும் அக்காவும் வேலையை ஆரம்பித்தோம். சாம்பிராணி போட்டோம். தெரு முழுக்க மணத்தது. பூண்டைத் தட்டித் தண்ணீரில் கலந்து தூரத்திலிருந்து வீசினோம், அது பெரும்பாலும் என் புடவையில்தான் விழுந்தது. துடைப்பத்தால் வண்டியைத் தட்டிப் பார்த்தோம். தட்டியது அக்கா, தைரியம் சொன்னது நான். பாம்பு இருக்கிறதா போய்விட்டதா என்பதற்கு ஒரு தகவலும் இல்லை. கன்றை அவிழ்க்கக்கூட யாருக்கும் துணிவு வரவில்லை, அது பாட்டுக்கு வண்டியில் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் போதகர் வந்தார். அவரை வரச்சொன்னதும் நானேதான். மகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி ஹாஸ்டல் எண்ணத்தை மாற்றுங்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தேன். சாயங்காலம் வரச்சொல்லியிருந்தேன், மனிதர் காலையிலேயே வந்து நிற்கிறார். சாம்பிராணிப் புகை நடுவில், வாழைக்கன்று கட்டிய ஸ்கூட்டர். அவர் பார்வை அதன் மேலேயே இருந்தது.

"ஆட்டுக்கு," என்றேன்.

ஆடு எப்போது வாங்கினீர்கள் என்று அவர் விசாரித்தார். வாங்கப்போகிறோம் என்றேன். எதிர்வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

போதகர் நல்ல மனிதர், அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளை தினமும் போய்வருகிற வண்டி இதுதானே, இதற்காக ஒரு ஜெபம் செய்துவிடலாம் என்று சொல்லி, நான் ஐயோ என்பதற்குள் போய் ஹேண்டில்பாரில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஜெபம் நீளமானது. பயணத்தில் வரும் மோசங்களைச் சொன்னார், மறைந்திருக்கிற சத்துருக்களைச் சொன்னார். ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது நான் மட்டும்தான். ஸ்பீடாமீட்டர் இடுக்கில் ஒரு தலை மெதுவாக வெளியே வந்தது. அவர் கட்டைவிரலுக்கு மேல் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. கத்தினால் அவர் கையை உதறுவார், உதறினால் கடித்துவிடும். கத்தாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும். என் வாயிலிருந்து ஓர் "ஆமென்" வந்தது. அடுத்த தெருவில் நாய் குரைத்தது. அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து கையை எடுத்தார். தலை உள்ளே போய்விட்டது. உங்கள் விசுவாசம் பெரிது அம்மா என்று மனமுருகிச் சொல்லிவிட்டுப் போனார். ஏவாளுக்குப் பிறகு ஒரு பாம்பால் இவ்வளவு சங்கடப்பட்ட பெண் நானாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். கடைக்குத் தள்ளிக்கொண்டு வரச்சொன்னார், தள்ள ஆள் இல்லை என்றோம். அவரே ஸ்க்ரூடிரைவரோடு வந்து, கையை மட்டும் நீட்டி, உடம்பை முடிந்தவரை பின்னால் வைத்துக்கொண்டு, முன்பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒன்றும் இல்லை. ஹெட்லைட்டைக் கழற்றினார், அங்கேயும் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. போய்விட்டது, சீக்கிரம் மாட்டுங்கள், பெண் வருகிற நேரம் என்று அவசரப்படுத்தினேன். நான் சொல்லி வாய் மூடவில்லை, வீட்டுக்காரர் அந்த இரவல் பைக்கில் வந்து நின்றார். பின்னால் மகள்.

அவள் இறங்கி, தரையில் பரப்பிக் கிடந்த ஸ்கூட்டர் உறுப்புகளைப் பார்த்தாள். இரண்டு டயரும் காற்றோடு ஜம்மென்று நிற்பதைப் பார்த்தாள்.

"பாம்பா?" என்று கேட்டாள். டீயா, காபியா என்று கேட்கிற தொனி.

 பேகை என் கையில் கொடுத்துவிட்டு, சாவியைப் போட்டு சீட்டைத் தூக்கினாள். மெக்கானிக் ஒரே தாவலில் காம்பவுண்டு சுவர்மேல் இருந்தார். நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை, அந்த பிளாஸ்டிக் சேர் இப்போது ஒரு கால் உடைந்து கிடக்கிறது. சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருந்த என் மழைக்கோட்டின் மேல் பாம்பு சுருண்டு படுத்திருந்தது. மகள் வாழைக்கன்று ஒன்றை அவிழ்த்து, அதன் நுனியை மெதுவாகப் பெட்டிக்குள் சாய்த்துவைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கொஞ்ச நேரத்தில் அது கன்றில் ஏறிக்கொண்டது. அப்படியே தூக்கிப் போய் முருங்கை மரத்தில் சாய்த்தாள். கிளைக்கு மாறி, மேலே போய், இலைக்குள் மறைந்துவிட்டது. இதற்கு விஷமே கிடையாது அம்மா, தவளை, பல்லி சாப்பிட்டுப் பிழைக்கிறது என்றாள். பல்லி சாப்பிடுகிறது என்றதும் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வந்ததை மறைப்பதற்கில்லை.

எல்லோரும் போன பிறகு, கொல்லையில் துவைக்கிற கல்லில் அவள் உட்கார்ந்தாள். அதன் அடியில் சாரை இருப்பது தெரிந்தும் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இனி மறைக்க என்ன இருக்கிறது, ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் அவள் என்னவோ போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். உடும்பு இருந்தது. மரநாய் இருந்தது, அது ஷெட்டுக்கு மேல் குட்டி போட்டதுகூட இருந்தது, எனக்கே தெரியாத சங்கதி. எதிர்வீட்டுப் பூனைக்கு மூணு குட்டி என்று அக்காவிடம் போய்ச் சொன்னாளாம், அக்கா அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். நான் மாதக்கணக்கில் கட்டிய கோட்டை சப்பென்று ஆகிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது.

"இதுக்கெல்லாம் பயமில்லன்னா அப்பறம் எதுக்குடி ஹாஸ்டல்? என்ன வுட்டுப் போறதுக்கா?"

அவள் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ஹாரன் அடிச்சேனே, கண்ல பூச்சின்னு, ஞாபகம் கீதா?" என்றாள். "உன் கால்கிட்ட கண்ணாடி விரியன் படுத்துகினு இருந்திச்சிமா. ஒரு அடிகூட இல்ல. நீ அதப் பாக்காம, என் வண்டி வருதான்னு எட்டி எட்டிப் பாத்துகினு இருந்த. நான் கிட்ட வந்தா நீ வழி வுடறேன்னு பின்னால கால வெச்சிருப்ப. அதான் அங்கியே நின்னு கூப்புட்டேன்."

நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன்.  

"மொதல்ல அலைச்சல் தாங்காமதான் ஹாஸ்டல் கேட்டேன், அன்னிலேருந்து இதுக்குத்தான். நிக்காதன்னா நீ கேக்க மாட்ட. வாக்கிங்குன்னுவ. நான் தெனம் ராத்திரி வரலன்னாதான் நீ அங்க நிக்க மாட்ட," என்றாள். "பாம்புக்குப் பயந்துதாம்மா போறேன். எனக்கு இல்ல."

அந்தச் சாயங்காலம் எனக்கு அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் என் கையைப் பிடித்த பிடி, விரல்கள் சில்லிட்டிருந்தது, நான் விடாமல் திட்டிக்கொண்டு வந்தது, மரியாதையைப் பற்றி நடத்திய பாடம். இந்தப் பிள்ளை அத்தனையையும் கேட்டுக்கொண்டு பேசாமல் வண்டி ஓட்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. நான் அழுதால் ஊரே கூடிவிடும் என்பதால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவள் எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பூண்டு நாற்றம் தாங்கலம்மா என்றாள்.

அடுத்த மாதம் ஹாஸ்டலுக்குப் போனாள். நானே பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தேன், ஊறுகாய் பாட்டிலைத் துணிக்குள் சுற்றிவைத்தேன். இப்போது தினமும் இருட்டுகிற நேரத்தில் வீடியோ காலில் வருகிறாள். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், எங்கே நிற்கிறாய், காட்டு என்கிறாள். நான் போனைத் திருப்பி மாடிச் சுவரையும் டியூப்லைட்டையும் காட்ட வேண்டும். வகுப்பில் நான் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் கேட்கிற அதே குரல், அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மாடியிலேயே சுற்றிச் சுற்றி நடக்கிறேன். சர்க்கரை குறைந்துவிட்டது. டாக்டர் என்னைப் பாராட்டினார்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள். அப்பா போய்ப் பூஞ்சேரியிலிருந்து கூட்டிவருவார். அன்றைக்கு மட்டும் நான் வாசலில் நிற்க அனுமதி உண்டு, ஆனால் கேட்டைத் தாண்டக் கூடாது, அது அவள் போட்ட சட்டம். நான் சட்டத்தை மீறவில்லை. கேட்டுக்கு உள்ளேதான் நிற்கிறேன். அந்தக் கேட்டைப் பிடுங்கிக் கொஞ்சம் ரோட்டுப் பக்கமாகத் தள்ளி வையுங்கள் என்று மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.